ஊசிக்கு ஆள் தெரியாது

அத்தியாயம் பதினொன்று

விடிந்தும் விடியாததுமாக அமுதபாரதி மல்டி ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளோடு வந்திருந்த சிலர் யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்கள். கல்யாணம் இல்லை, தரச்சான்று கொடுக்கச் சென்னையிலிருந்து குழு வருகிறது என்று வாட்ச்மேன் சொன்னான். அது என்ன சான்று, சாதிச் சான்று மாதிரியா என்று ஒரு பெரியவர் கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான், கிடைத்துவிட்டால் உட்காருகிற இடமே வேறு என்பது வாட்ச்மேனின் விளக்கம்.

மலர்விழி வாழை இலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். இடது ஆள்காட்டி விரலில் ஒரு சின்ன பிளாஸ்திரி. அதற்கு அடியில் இருப்பது உற்றுப் பார்த்தாலும் தெரியாத ஒரு புள்ளி. அந்தப் புள்ளியால்தான் நேற்று மத்தியானத்திலிருந்து அவளுக்கும், அவள் கணவனின் அண்ணன் ராஜாங்கத்துக்கும் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போயிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காய்ச்சலோடு வந்து பெண்கள் வார்டில் படுத்திருந்தாள் இருசம்மாள் என்ற கூலிக்காரப் பெண். அவளுக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போடும்போது, மூடிக்குள் போகவேண்டிய ஊசி மலர்விழியின் விரலுக்குள் போய்விட்டது.

மூடியே போடக் கூடாது, அப்படியே வெட்டுக் கருவியில் விட்டுத் துண்டாக்கிவிட வேண்டும் என்பது மலர்விழிக்குத் தெரியாததல்ல. அமுதபாரதியில் அந்தக் கருவி இல்லாமலும் இல்லை. மூன்று வாங்கினார்கள். ஆயுத பூஜையன்று மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டினார்கள். மறுநாளே ராஜாங்கம் அவற்றைத் துடைத்துத் தன் அறையின் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நர்ஸ் பிள்ளைகள் கையில் கொடுத்தால் குழு வருவதற்குள் பழசாகிவிடும் என்பது அவர் கவலை. ஆகவே பாதுகாப்புக் கருவிகள் மிகவும் பாதுகாப்பாக இருந்தன. ஊசிகள்தான் மூடி போட்டுக்கொண்டு, தட்டில் ஏறி, மாடியிலிருந்து பின்கட்டுத் தொட்டி வரைக்கும் போயின.

ராஜாங்கம் இந்த மருத்துவமனையின் நிர்வாக அலுவலர். அதற்கு முன் ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. மருத்துவமனை முதலாளி டாக்டர் தீனதயாளனின் வயலுக்கு ஆள் கட்டிக்கொண்டு போனவரின் சாமர்த்தியத்தைப் பார்த்து, டாக்டர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்துவிட்டார். ஆள் கட்டுகிறவருக்குக் கரும்பு வெட்டுகிறவன் என்ன, ஊசி போடுகிறவள் என்ன. மலர்விழிக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை அவர் மறந்ததில்லை; மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேலையைப் பார் என்று நேற்று அவர் சொன்னதில் முதல் பாதி சரியான வைத்தியம். அதை மட்டும் கேட்டுக்கொண்ட மலர்விழி, சாயங்காலமே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே உடனே எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். அவள் ரத்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆலோசகர் அம்மா இரண்டு கேள்வி கேட்டார். அந்த ஊசி பட்ட நோயாளியின் ரத்தத்தை அவர் சம்மதத்தோடு பரிசோதித்தாயிற்றா? உங்கள் ஆஸ்பத்திரியில் இதைப் பதிவு செய்தார்களா?

இரண்டுமே நடக்கவில்லை.

மருந்து, பயிற்சி, கையுறை, கருவி எல்லாம் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை, சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். புகார் அலுவலர் என்று ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டுமாம். இருக்கிறார் என்றாள் மலர்விழி. அவர் தன் கணவனின் அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"எழுதாம வுட்டுடாதீங்க சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. "நாளைக்கு ஏதாவதுன்னா, இது வேலையில வந்ததுன்னு சொல்ல உங்க கையில ஒண்ணும் இருக்காது."

ராத்திரி முழுக்க அந்த 'ஏதாவது' மலர்விழியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. நோய்க்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. மாத்திரை இருக்கிறது, அது தன் வேலையைச் செய்யும். ஊர் கேட்கப்போகும் ஒரே கேள்விக்குத்தான் பயந்தாள். கல்யாணமான பொம்பளைக்கு இது எங்கேயிருந்து வந்தது? அந்தக் கேள்விக்கு மாத்திரை கிடையாது. பிளஸ் டூ படிக்கும் மகள் இசைவாணியின் காதுக்கும் அது போகும்.

வார்டுக்குள் போனதும் முதலில் இருசம்மாளின் கட்டிலைப் பார்த்தாள். புது விரிப்பு, புதுத் தலையணை உறை. தலையணை மேல் ஒரு ரோஜாப்பூ. ஆள் இல்லை.

அட்மின் சார் விடியற்காலையிலேயே டிஸ்சார்ஜ் எழுதி, ஆஸ்பத்திரி வேனிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார் என்றாள் இரவு டியூட்டி எழில்மதி.

"ஜொரம்?"

"அதுவும் அதே வேன்லதான் போயிருக்கும்."

எழில்மதி சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். அமுதபாரதியில் ஒரு வழக்கம் உண்டு. வருஷம் முழுக்க ஒரு ஊசிக்குத்துக்கூட இல்லாத வார்டுக்கு, பொங்கலன்று ஆளுக்கொரு பட்டுப்புடவை. பாதுகாப்பை ஊக்குவிக்க ராஜாங்கம் கண்டுபிடித்த வழி. அது வந்ததிலிருந்து அமுதபாரதியில் யார் விரலிலும் ஊசி ஏறியதே கிடையாது. பிளாஸ்திரி மட்டும் நிறையச் செலவானது. 'ஊசிக்குத்து விபத்து: பூஜ்யம்' என்று வரவேற்பறையில் பித்தளை எழுத்தில் பலகை வைத்தார்கள். அந்தப் பூஜ்யத்தை நேற்று மூன்று முறை பாலிஷ் போட்டிருந்தார்கள்.

"அக்கா, இந்த வருசம் நம்ம வார்டுக்குத்தான்னு பேசிக்கினு இருக்காங்க. நீ எழுதச் சொல்லிட்டா எல்லாருக்கும் போச்சி. அதான் மாத்திர சாப்புட ஆரம்பிச்சிட்டியே."

மலர்விழி அவள் கையைப் பார்த்தாள். எழில்மதி கட்டை விரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ராஜாங்கம் தன் அறையில் வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். பழுப்பு சஃபாரி உடை, நெற்றியில் நீளமான குங்குமம். மலர்விழி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை, தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, மெலிந்துபோயிருக்கிறாய், இன்றைக்கு லீவு எடுத்துக்கொள் என்றார். அவர் தானாக லீவு கொடுத்ததாக அந்தக் கட்டடத்தில் சரித்திரமே கிடையாது.

பதிவேட்டில் எழுதிவிட்டால் போய்விடுகிறேன் என்றாள் அவள். இன்றைக்கா, குழு வருகிற நாளிலா என்று அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பூஜ்யத்தைத் தன் வீட்டுப் பெண்ணே உடைத்தால், பெரிய டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டார்.

"நம்ம வூட்டுப் பேரு இன்னாத்துக்கு ஆவும், மலரு? அத்த யோசிச்சியா?"

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். முன்பு அந்த இடத்தில் ஒரு வேப்ப மரமும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் இருந்தன. ஆறே கட்டில். அப்போது இதன் பெயர் டாக்டர் வீட்டு ஆஸ்பத்திரி. ஒரு நாள் அரிவாள் வெட்டுக்குத் தையல் போடும்போது தீனதயாளனின் கையிலேயே ஊசி ஏறிவிட்டது. அவர் கத்திய கத்தலில் வேப்ப மரத்துக் காக்காய் பறந்தது. எதிர்க் கடை டீ மாஸ்டர் ஓடிவந்தார். டாக்டரின் மனைவி சமையலறையிலிருந்து வந்து, அவர் கையைக் குழாய்க்கடியில் பிடித்துக்கொண்டு திட்டினாள். சாயங்காலத்துக்குள் கடைத்தெருவே டாக்டரின் விரலை விசாரித்துவிட்டுப் போனது. அன்றைக்குப் பதிவேடு கிடையாது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் பதிவேடு இருக்கிறது.

அவள் கணவன் இளவரசன் ஜீப்பைத் திருப்பி நிறுத்தியிருந்தான். கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் ஆள் ஏற்றுகிற அதே ஜீப். அவள் கட்டில் காலியாக இருப்பதைச் சொன்னாள். அவன் முன் சீட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஏறு என்றான்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைத் தண்ணீர் மரங்களுக்கிடையில் ஒருமுறை மினுக்கிவிட்டு மறைந்தது. மலை ஏற ஆரம்பித்தது. ஐப்பசி மழை நின்ற மறுநாள். பாறைகளிலெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மண்ணும் பச்சிலையும் கலந்த அந்த வாசனை வந்ததும் மலர்விழிக்கு வயசு குறைந்த மாதிரி இருந்தது.

இந்தச் சாலையில்தான் அவள் கல்யாணமே நடந்தது என்று சொல்லலாம். அப்போது அவள் ஒரு அறக்கட்டளையின் மலைக் கிளினிக்கில் நர்ஸ். வாரம் ஒருமுறை கீழே வந்து மேலே போக வேண்டும். பின்னால் ஆட்டுக்குட்டிக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாமல் அடைத்துக்கொண்டு வரும் ஜீப்பில், முன் சீட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருக்கும். பழத்துக்கெல்லாம் சீட்டா என்று ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். அது முன்பதிவு செய்த பழம் என்பான் இளவரசன். நர்சம்மா வந்ததும் பழம் எழுந்து பின்னால் போய்விடும். பலா சீசன் முடிந்தால் சாமை மூட்டை. அதுவும் இல்லாவிட்டால் அவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு பனியனோடு ஓட்டுவான். மலைக் குளிரில் பல் தந்தியடிக்கும். உடம்பு ரொம்ப சூடு என்று காரணம் சொல்வான்.

முதல் பயணத்தில் மூன்றாவது வளைவிலேயே அவளுக்கு வாந்தி வந்துவிட்டது. அவன் வண்டியை நிறுத்தி, ஒரு மலை நெல்லிக்காயைக் கொடுத்து, கடித்துவிட்டுத் தண்ணீர் குடி என்றான். தண்ணீர் இனித்தது. அவளைப் பெண் பார்த்து, ஜாதகம் பார்த்து, ராஜாங்கம் முன்னால் நின்று தாம்பூலம் மாற்றியதெல்லாம் பின்னால் நடந்த சம்பிரதாயம்.

இன்றைக்கும் வளைவுகள் ஏற ஏற வயிற்றைப் புரட்டியது. கையை ஆட்டினாள். அவன் ஓரமாக நிறுத்தினான். அவள் இறங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவன் வந்து முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"இது மலையா, மாத்திரையா?"

வாந்திக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாத்திரைதான், இப்படித்தான் கொஞ்ச நாள் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள். வாய் கொப்பளித்துவிட்டு பாட்டிலை மூடப் போனாள். அவன் அதை வாங்கி மிச்சத் தண்ணீரைத் தான் குடித்தான்.

அந்தத் தைரியத்தில், நேற்றிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததையும் சொல்லிவிட்டாள். கடைசிப் பரிசோதனை முடியும்வரை, சில மாதங்களுக்குக் கணவன் மனைவிக்குள் கவனமாக இருக்க வேண்டும் என்று ஆலோசகர் அம்மா சொல்லியிருந்தார்.

இளவரசன் சாலையையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அதுக்குத்தான் நேத்து கட்டிலு ஓரமா ஒட்டிக்கினு படுத்தியா? எம்மேல இன்னா கோவம்னு வெடிய வெடிய யோசிச்சிக்கினு கெடந்தேன்."

வண்டி மறுபடியும் ஏறியது. பெரியார் அருவியின் சத்தம் கேட்டு அடங்கியது. அவன் தானாகவே அண்ணனைப் பற்றி ஆரம்பித்தான். அப்பா போனபோது அவனுக்கு எட்டு வயது. மழைக்காலத்தில் ஓடை தாண்ட முடியாது என்று அண்ணன்தான் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போவார். கரும்புச் சோகை கிழித்த தோள். அதன் மேல் இவன் உட்கார்ந்தால் எரியும். எரிகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வெட்டுகிற இடத்தில் அவருக்குக் கிடைக்கும் வெல்லக் கட்டியைச் சட்டைப் பையில் வைத்து, எறும்பு மொய்க்கக் கொண்டுவருவார்.

"அவுரு எதிர்ல நின்னு என்னால பேச முடியாது, மலரு. நான் உள்ள வர மாட்டேன்" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா நீ போறத்த நான் தடுக்க மாட்டேன்" என்றான்.

அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. போதாது என்றும் தோன்றியது.

வெள்ளிமலை கடைத்தெருவில் விசாரித்து, மண் பாதையில் இறங்கிப் போனார்கள். பாறை மேல் சாமைக் கதிர் காயப் போட்டிருந்தது. இருசம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதற்குக் காவல் இருந்தாள். அவள் புருஷன் பொன்னுரங்கம் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து, ஆஸ்பத்திரியில் ஏதாவது மறந்து வைத்துவிட்டோமா என்று கேட்டார். வேனில் கொண்டுவந்து விட்ட மரியாதையில் அவர் இன்னும் மயங்கிக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் இறக்கிவிட்டதையும், அங்கிருந்து பஸ்ஸுக்கு நின்றதையும்கூடப் பெருமையாகவே சொன்னார்.

மலர்விழி அவள் நெற்றியில் கை வைத்தாள். சுட்டது.

பாறையில் உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தாள். தனக்கு ஊசி ஏறியதைச் சொன்னாள்; நானும் பார்த்தேனே என்றாள் இருசம்மாள். இருசம்மாளின் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும், அதற்கு அவள் சம்மதம் வேண்டும் என்றாள். என்ன பரிசோதனை என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

இருசம்மாள் முகம் மாறியது. "எனக்கு அந்தச் சீக்கு இருக்கும்னு சொல்றியா, நர்சம்மா?"

"இல்லம்மா. ஊசிக்கு ஆள் தெரியாது. டாக்டர் பொண்டாட்டிக்குப் போட்ட ஊசின்னாலும் நான் இப்டித்தான் வந்து கேக்கணும்."

"மாட்டேன்னு சொன்னா?"

"சொல்லலாம். உன் ரத்தம், உன் இஷ்டம். யாரும் உன்னிய ஒண்ணும் கேக்க முடியாது. ரிசல்ட்டக்கூட மொதல்ல உங்கிட்டத்தான் சொல்லுவாங்க. நான் மாத்திரய சாப்ட்டுக்கினு இருப்பேன்."

பொன்னுரங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருசம்மாள் அவரைக் கையமர்த்தினாள். காக்கை ஒன்று சாமை மேல் உட்காரப் பார்த்தது. அதற்கு ஒரு கல்லை விட்டெறிந்துவிட்டுத் திரும்பினாள்.

"நாலு தடவ ரத்தம் எடுத்தீங்க. எனுக்கு இன்னா ஜொரம்னு எவனாவது சொன்னானா? கெளம்புன்னா கெளம்புனேன். எதுக்கு வந்தேன், எதுக்குப் போறேன்னு ஒண்ணும் தெரியாது. நீ அத்தயும் கேட்டுச் சொல்றதுன்னா வரேன்."

இத்தனை வருஷ சர்வீசில் இதைவிட நியாயமான கோரிக்கையை எந்த நோயாளியும் வைத்ததில்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

இருசம்மாள் கம்பளியை உதறி மடித்தாள். சாமையைப் பார்த்துக்கொள் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வந்து ஜீப்பின் முன் சீட்டில் ஏறினாள். இளவரசன் மலர்விழியைப் பார்த்தான். மலர்விழி சிரித்துக்கொண்டே பின்னால் போய் உட்கார்ந்தாள்.

மத்தியானத்துக்குள் கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் இருசம்மாளிடம் ரத்தம் எடுத்துவிட்டார்கள். காய்ச்சலுக்கும் ஒரு டாக்டர் பார்த்து, இங்கேயே படு, டைபாய்டா என்று பார்க்க வேண்டும் என்றார். இருசம்மாள் வெற்றியோடு மலர்விழியைப் பார்த்தாள். மற்ற முடிவு கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்றார்கள்.

காத்திருக்கலாம் என்றான் இளவரசன்.

"இல்லீங்க. அது வர்றதுக்குள்ள நான் அங்க போய்டணும். நீங்க இங்கியே இருந்து போன் பண்ணுங்க" என்றாள் மலர்விழி.

அமுதபாரதியில் குழு மாடியில் இருந்தது. யாரோ ஒலிபெருக்கியில் தீனதயாளனைக் கைராசியின் சிகரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராஜாங்கம் கீழே தன் அறையில், பொன்னாடைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். மலர்விழியைக் கண்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"புகார் அலுவலரப் பாக்கணும்" என்றாள் அவள்.

"இன்னாம்மா, மாமாவப் பாக்க வர்லியா?"

"மாமாவ வூட்ல பாத்துக்கறேன், சார்."

சொல்லிவிட்டு அவர் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் முன்னால் அவள் உட்கார்ந்ததில்லை. கல்யாண வீட்டில், பஸ்ஸில்கூட, அவர் வந்தால் எழுந்துவிடுவாள். ராஜாங்கம் நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு கையில் பொன்னாடையோடு தானும் உட்கார்ந்தார்.

அவள் சுருக்கமாகச் சொன்னாள். நோயாளி வந்து ரத்தம் கொடுத்துவிட்டாள். ஊசி ஏறியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லவும் தயாராக இருக்கிறாள். இனி எழுத வேண்டியது மட்டும்தான் பாக்கி.

ராஜாங்கம் பதறவில்லை. மேஸ்திரி வேலை பார்த்தவர், பேரம் தெரியும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம், தேதி மட்டும் நேற்றைய தேதி போட்டுக்கொள்ளலாம் என்றார். அவள் தலையாட்டவில்லை. வேண்டுமானால் ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு தருகிறேன் என்றார். அதற்கும் அவள் அசையவில்லை. கடைசியில் குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணும் இல்லன்னுதான் வரும் பாரு. ரிசல்ட்டு வரட்டுமே. அதுக்கப்புறம் எழுதிக்கினா இன்னா கொறஞ்சிப் போவுது?"

"வந்தப்புறம் எழுதினா அது வேற, சார். இல்லன்னு வந்தா, அதான் ஒண்ணும் இல்லியேம்மான்னு சொல்லுவீங்க. இருக்குதுன்னு வந்தா, இங்கதான் வந்துச்சின்னு இன்னா ஆதாரம்னு கேப்பீங்க. நீங்க கேக்கலன்னா பெரிய டாக்டரு கேப்பாரு. அப்புறம் ஊரு கேக்கும். என்னிய நேரா கேக்காது. உங்க தம்பியப் பாத்து வாய மூடிக்கினு சிரிக்கும். இசையப் பொண்ணு பாக்க வர்றவன் டீயக் குடிக்காம எழுந்து போவான்." அவள் மூச்சு வாங்கினாள். "வூட்டுப் பேருன்னீங்களே. அது இப்ப உங்க பேனாவுல இருக்குது."

மாடியில் கைதட்டல் கேட்டது. ராஜாங்கம் கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பொன்னாடையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து விபத்துப் பதிவேட்டை எடுத்தார். ஒரு வரி எழுதப்படாத புதுப் பதிவேடு. விரிக்கும்போது முதுகு முறிகிற சத்தம் கேட்டது.

எழுத ஆரம்பித்தார். கரும்பு வெட்டுகிறவர்களுக்கு ஆஜர் போட்ட கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று நடந்தது. பெயர். வார்டு. எந்த விரல். ஊசி வெட்டும் கருவி வார்டில் இருந்ததா என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே வந்ததும் பேனா நின்றது. அவர் பீரோவின் பக்கம் திரும்பாமல் இருக்கப் பெரும் பாடுபட்டார்.

'இல்லை' என்று எழுதினார்.

அப்போது அவள் கைப்பேசி அடித்தது. மேசைமேல் அது நடுங்கி நகர்ந்தது. திரையில் இளவரசனின் பெயர். இருவருமே அதைப் பார்த்தார்கள்.

ராஜாங்கத்தின் பேனா கையெழுத்துப் போட வேண்டிய கோட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"எடும்மா" என்றார். குரலில் அலுவலர் இல்லை.

"கையெழுத்துப் போடுங்க. அப்புறம் எடுக்கறேன்."

"மலரு, நம்ம பையன்தான் கூப்புடறான்."

"தெரியுது, மாமா."

அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். எடுத்துவிடு, எடுத்துவிடு என்று உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. விரலில் அந்தப் புள்ளி விண்ணென்று தெறித்தது. ராஜாங்கம் ஒருமுறை கைப்பேசியையும் ஒருமுறை அவள் முகத்தையும் பார்த்தார். குனிந்து, ரா. ராஜாங்கம் என்று முழுப் பெயரையும் எழுதி, கீழே இழுத்துக் கோடு போட்டார். தேதி போட்டார். ரப்பர் முத்திரையைத் தேடி எடுத்து, மையில் ஒற்றி, இரண்டு கையாலும் அழுத்தினார்.

மலர்விழி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி முதல் வரியிலிருந்து படித்தாள். எல்லாம் இருந்தது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அது முடியவும் மூன்றாவது முறையாக அடிக்கவும் சரியாக இருந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

மறுபுறத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல் கேட்டது. பிறகு இருசம்மாளின் குரல் வந்தது.

"நர்சம்மா, நான்தான். உன் வூட்டுக்காரரு போன எங்கையில குடுத்துட்டு, செவுத்தப் பாத்துக்கினு நிக்கறாரு. நானே சொல்லட்டுமா?"

ராஜாங்கம் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். மலர்விழி உட்கார்ந்தே இருந்தாள்.

"சொல்லும்மா" என்றாள்.